ஒரே பக்கம் பார்த்த இரண்டு நாற்காலிகள்

அந்த மருத்துவமனையில் பணியாளர்களைப் பெயர் சொல்லி அழைக்கும் வழக்கம் குறைவு. யார் எந்த அறையில் வேலை செய்கிறாரோ, அந்த அறையின் எண்ணே அவருக்குப் பெயராகிவிடும். எக்ஸ்ரே எடுப்பவர் மூன்றாம் நம்பர். கட்டுப் போடும் செவிலியர் ஐந்தாம் நம்பர். மனநல ஆலோசனை அறையின் உதவியாளராகிய, இந்தக் கதையின் பெண்மணி ஏழாம் நம்பர். வயதில் இளையவர்கள் மட்டும் மரியாதை கருதி "ஏழாம் நம்பர் அக்கா" என்பார்கள். வயது முப்பத்தெட்டு, பணியில் சேர்ந்து ஒன்பது ஆண்டுகள். உயரம் சற்றுக் குறைவு. அந்தக் குறையைக் குரல் ஈடுகட்டிவிடும்.

காலை ஏழேகாலுக்கு அறையைத் திறப்பார். ஜன்னல் கம்பிகளைத் துடைத்து, பதிவேட்டில் தேதி எழுதி, அன்றைக்கு வரவேண்டியவர்களின் கோப்புகளை எண் வரிசைப்படி அடுக்கி வைப்பார். எட்டு மணிக்கு வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டால், மாடி வராந்தா முழுவதும் அவருடைய ஆட்சிதான்.

அவருடைய இனத்தார் அந்த வட்டாரத்து மலைகளின் முதல் குடிகள். நகரம் தோன்றுவதற்கு வெகு காலம் முன்பே அங்கே வாழ்ந்தவர்கள். அணை கட்டியபோது அவர்களைக் கீழே இறக்கி, நகரத்தின் கிழக்கு ஓரத்தில் குடியமர்த்தினார்கள். நகரத்தாரில் பலர் அவர்களை நேற்று வந்து ஒண்டியவர்களைப் போலப் பார்ப்பதுதான் வேடிக்கை.

ஒரு நாள் நன்றாக உடுத்திய ஒருவர் வராந்தாவில் வந்து நின்று, ஏழாம் நம்பரின் தலைக்கு மேலாக அங்குமிங்கும் பார்த்தார்.

"இங்க ஸ்டாஃப் யாரும் இல்லையா?"

"நான்தாங்க ஸ்டாஃப்."

"நீயா? உங்க ஆளுங்களை எல்லாம் இங்க வேலைக்கு எடுக்கறாங்களா?"

"இல்லைங்க. யூனிஃபார்ம் கலர் பிடிச்சிருந்தது, போட்டுக்கிட்டு வந்து சும்மா உக்காந்திருக்கேன். டோக்கன் வேணுமா, வேண்டாமா?"

அவர் டோக்கனை வாங்கிக்கொண்டார்.

இன்னொரு நாள் ஓர் அம்மையார் கையெழுத்துப் போடுவதற்கு முன், ஏழாம் நம்பர் நீட்டிய பேனாவைத் தம் கைக்குட்டையால் இரண்டு முறை துடைத்தார். ஏழாம் நம்பர் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சு ஒன்றை எடுத்து நீட்டி, "கைக்குட்டை அழுக்காயிடும்மா, இதால தொடைங்க" என்றார். அம்மையார் கையெழுத்திட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுத்ததும், வேறொரு பஞ்சை எடுத்து அதே அக்கறையுடன் தாமும் அதை ஒரு முறை துடைத்து வைத்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற ஐந்தாம் நம்பர் சிரிப்பை அடக்க மாட்டாமல் தம் அறைக்குள் ஓடிவிட்டார்.

இப்படி வாயாலும் பஞ்சாலும் சமாளிப்பது அவருக்குக் கைவந்த கலை. ஆயினும் தினந்தோறும் சமாளிக்கத்தான் வேண்டியிருக்கிறது என்ற அலுப்பு அவருக்கும் உண்டு. அந்த அலுப்பை இறக்கி வைக்க ஓர் இடமும் உண்டு. அவரும், அவருடைய அண்ணனும், அண்ணியும், பிள்ளைகளும் குடியிருக்கும் இரண்டு மாடி வீட்டின் மொட்டைமாடிதான் அது. மாலை ஆறு மணிக்கு எல்லோரும் தண்ணீர்த் தொட்டியில் முதுகைச் சாய்த்து, ரயில் பாதையைப் பார்த்தபடி ஒரே வரிசையாக உட்காருவார்கள். கையில் ஏதாவது வேலை இருக்கும். பீன்ஸ் நறுக்குவார்கள், உலர்ந்த துணியை மடிப்பார்கள். மனத்தில் பாரம் உள்ளவர் எதிரே உள்ள வெட்டவெளியைப் பார்த்துப் பேசுவார். மற்றவர்களும் வெட்டவெளியைப் பார்த்தே கேட்பார்கள். பேசுகிறவரின் முகத்தைத் திரும்பிப் பார்ப்பது பெரிய மரியாதைக் குறைவு. பார்த்தால் பேச்சு அத்துடன் நின்றுவிடும்.

அந்த மக்களிடையே நேருக்கு நேர் உட்காருவது இரண்டே காரியங்களுக்குத்தான். ஒன்று, சண்டை போட. மற்றொன்று, சம்பந்தம் பேச. "ரெண்டும் ஒண்ணுதான்" என்பார் அண்ணி.

ஏழாம் அறையோ இந்த வழக்கத்துக்கு நேர் எதிரானது. நடுவில் ஒரு சிறிய மேசை. அதன் இரு பக்கமும் ஒன்றையொன்று பார்த்தபடி இரண்டு நாற்காலிகள். நாற்காலிக் கால்கள் எட்டும் எங்கே இருக்கவேண்டும் என்று தரையில் வெள்ளைப் பெயிண்டால் குறியிட்டிருந்தார்கள். அந்தக் குறிகளை அளவுநாடா வைத்து இட்டவர் மனநல மருத்துவர். ஐம்பத்தெட்டு வயது அம்மையார், திறமைசாலி, நல்லவர். தலைமை அலுவலகத்தின் சுற்றறிக்கையில் ஆலோசகருக்கும் நோயாளிக்கும் இடையே இருக்கவேண்டிய தூரம் குறிப்பிடப்பட்டிருந்தது. சுற்றறிக்கை என்றால் அவருக்கு அது கல்லில் பொறித்தது மாதிரி.

இந்த அறைக்குத்தான் ஏழாம் நம்பரின் அண்ணன் வந்து சேர்ந்தார்.

அவர் நகரப் பேருந்து ஓட்டுநர். பதினோரு ஆண்டுகளில் ஒரு விபத்துகூட இல்லை. வீட்டில் இட்லித் தட்டை அடுப்பிலிருந்து இறக்கும்போதுகூடக் கண்ணாடியில் பின்னால் பார்த்துவிட்டுத்தான் திரும்புவார் என்று அண்ணி கேலி செய்வதுண்டு. அப்படிப்பட்டவர் ஒரு நாள் காலையில் பேருந்தில் ஏறி, இருக்கையில் அமர்ந்து, சாவியைப் போட்டார். திருப்ப முடியவில்லை. இருபது நிமிடம் கை சாவியின் மேலேயே இருந்தது. பயணிகள் கூச்சல் போட்டார்கள். வேறோர் ஓட்டுநர் வந்து வண்டியை எடுத்துச் சென்றார்.

அதற்கு முந்தைய நாள் பணிமனையில் என்னவோ நடந்திருந்தது. என்னவென்று அவர் வீட்டில் சொல்லவில்லை. பணிமனை அவரை வண்டி கழுவும் கொட்டகைக்கு மாற்றி, ஓர் உத்தரவும் கொடுத்தது. வாரம் ஒன்றாக ஏழாம் அறையில் மூன்று முறை ஆலோசனைக்குச் செல்லவேண்டும். மாத இறுதிக்குள் மருத்துவர் தகுதிச் சான்று தந்தால் மீண்டும் ஓட்டுநர் இருக்கை. இல்லையென்றால் நிரந்தரமாகக் கொட்டகை.

முதல் முறை வந்தபோது அவர் வெள்ளைக் குறிகளின்மேல் நின்ற நாற்காலியில் அமர்ந்தார். மருத்துவர் எதிரே அமர்ந்து, அவர் கண்களைக் கனிவுடன் நோக்கி, "உங்க மனசுல இருக்கறதைத் தயங்காம சொல்லுங்க" என்றார். ஓட்டுநர் மேசையைப் பார்த்தார். நாற்பத்தைந்து நிமிடங்களும் மேசையையே பார்த்தார். இடையில் ஒரு முறை, "இந்த மேசைக்கு ஒரு ஸ்குரூ குறையுது" என்றார். மருத்துவர் கோப்பில் "ஒத்துழைப்பு இல்லை" என்று எழுதினார்.

மாலை மொட்டைமாடியில் ஏழாம் நம்பர் ரயில் பாதையைப் பார்த்தபடி பேச்சை ஆரம்பித்தார்.

"ஏண்ணா, ஒரு வார்த்தை பேசினா என்ன குறைஞ்சா போயிடும்?"

"அந்தம்மா என்னையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. சண்டைக்கு வர்றாங்களா, பொண்ணு குடுக்க வர்றாங்களான்னு தெரியல."

"உங்களுக்குப் பொண்ணு குடுக்கற அளவுக்கு அவங்க இன்னும் கெட்டுப் போகல" என்றார் அண்ணி, பீன்ஸ் நறுக்கியபடி.

வரிசை முழுவதும் சிரித்தது. ஓட்டுநரும் சிரித்தார். ஆனால் சிரிப்பு அடங்கியதும் எழுந்து கீழே போய்விட்டார். அவர் அப்படிப் பாதியில் எழுந்து போவது அந்த வாரத்தில் நான்காவது முறை. அண்ணியின் கத்தி பலகையின்மேல் அப்படியே நின்றது.

"இனிமே அவர் ஓட்ட மாட்டாரோன்னு பயமா இருக்கு" என்றார் வெட்டவெளியைப் பார்த்து. "கொட்டகையில நாள் பூரா பஸ்ஸைக் கழுவிட்டு வந்து, கையைக் கழுவாம உக்காந்திருக்கார். கேட்டா, கை இருக்கறதே மறந்து போச்சுங்கறார்."

இரண்டாம் முறைக்கு ஏழாம் நம்பர் யாரையும் கேட்காமல் ஒரு காரியம் செய்தார். மருத்துவர் வருவதற்கு முன் மேசையை ஓரமாகத் தள்ளி, இரண்டு நாற்காலிகளையும் பக்கம் பக்கமாகப் போட்டுவிட்டார். அவசரத்தில் அவை சுவரைப் பார்த்தபடி அமைந்துவிட்டன. சுவரில் கை கழுவும் முறையை ஏழு படங்களில் விளக்கும் பெரிய விளம்பரத்தாள் ஒட்டியிருந்தது.

மருத்துவர் உள்ளே வந்து, வெறுமையாகக் கிடந்த வெள்ளைக் குறிகளைப் பார்த்தார். நோயாளிக்கு முன்னால் பணியாளரைக் கடிந்துகொள்வது முறையல்ல என்பதால் உதட்டைக் கடித்துக்கொண்டு அமர்ந்தார். ஓட்டுநர் சற்று நேரம் சுவரைப் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார். மருத்துவர் ஆவலுடன் பேனாவை எடுத்தார்.

"ஒன்று. இரு உள்ளங்கைகளையும் நன்றாகத் தேய்க்கவும்" என்று படித்தார் ஓட்டுநர். "இரண்டு. விரல் இடுக்குகளைத் தேய்க்கவும்."

ஏழு படங்களையும் படித்து முடித்தார். கீழே பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் முகவரியையும் விட்டுவைக்கவில்லை. அதற்குமேல் படிக்க ஒன்றும் இல்லாததால் பேச்சு நின்றது. கோப்பில் மீண்டும் "ஒத்துழைப்பு இல்லை" ஏறியது.

அவர் போனதும் மருத்துவர் ஏழாம் நம்பரை உள்ளே அழைத்தார்.

"நாற்காலியை யாரைக் கேட்டு நகர்த்தின?"

"யாரையும் கேக்கல, டாக்டரம்மா. கேட்டா வேண்டாம்னு சொல்வீங்க."

"உன் அண்ணன்னு தெரிஞ்சும் நான் ஒண்ணும் சொல்லல. ஆனா இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல கை கழுவற போஸ்டரைப் பேஷன்ட் எனக்குப் படிச்சுக் காட்டினது இதுதான் முதல் தடவை."

"நல்லாத்தானே படிச்சார்" என்ற ஏழாம் நம்பர், மருத்துவரின் முகத்தில் சிரிப்பு வரவில்லை என்று கண்டு குரலை மாற்றினார். "ஒரே ஒரு உதவி, டாக்டரம்மா. கிழக்கால எங்க குடியிருப்புலேர்ந்து இதுவரைக்கும் வந்தவங்க ஃபைலை எல்லாம் எடுத்துத் தர்றேன். நீங்களே ஒரு தடவை பாருங்க."

ஒன்பது ஆண்டுக் கோப்புகள் இருந்த அலமாரியிலிருந்து அவர் எடுத்து வைத்த கோப்புகள் பதினொன்று. கணவரை இழந்த ஒருவர். பள்ளியில் தம் மகனைத் தனி வரிசையில் உட்கார வைத்ததைக் கேட்கப்போய் வெளியே தள்ளப்பட்ட ஒருவர். உறக்கம் வராத மூவர். மருத்துவர் ஒவ்வொன்றாகத் திறந்தார். பதினொன்றிலும் முதல் பக்கத்தில் "ஒத்துழைப்பு இல்லை" என்று எழுதியிருந்தது. இரண்டாம் பக்கம் எதிலும் இல்லை. யாரும் திரும்பி வரவில்லை. கையெழுத்து எல்லாவற்றிலும் ஒன்றே, அவருடையது.

"பதினொரு பேரும் ஒத்துழைக்கலையா, இல்ல அந்த நாற்காலி ஒத்துழைக்கலையா?" என்று கேட்டார் ஏழாம் நம்பர். பிறகு மொட்டைமாடியைப் பற்றியும், ஏன் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதைப் பற்றியும் சொன்னார்.

மருத்துவர் நெடுநேரம் கோப்புகளை மூடவில்லை. கடைசியில், "இதை நீ ஏன் ஒன்பது வருஷமா சொல்லல?" என்றார்.

"நீங்க ஒன்பது வருஷமா என் முகத்தைப் பாத்தே பேசறீங்களே, டாக்டரம்மா. எப்படிச் சொல்றது?"

மருத்துவருக்கு முதல்முறையாகச் சிரிப்பு வந்தது.

மூன்றாம் முறைக்கு இருவருமாகச் சேர்ந்து நாற்காலிகளைப் போட்டார்கள். இம்முறை ஜன்னலைப் பார்த்து. கீழே வாகனங்கள் நிறுத்தும் இடம் தெரியும்.

"நான் எங்க பாக்கணும்?" என்று கேட்டார் மருத்துவர்.

"வெளியே பாருங்க."

"அவர் பேசும்போது?"

"அப்பவும் வெளியேதான்."

"குறிப்பு எழுதணுமே."

"எழுதாதீங்க. கைக்கு நான் வேற வேலை தர்றேன்."

ஐந்தாம் நம்பரிடம் போய், துவைத்து உலர்ந்த பேண்டேஜ் துணி ஒரு கூடை நிறைய வாங்கி வந்து, இரண்டு நாற்காலிகளுக்கும் நடுவில் வைத்தார். அவற்றை உருளைகளாகச் சுற்றவேண்டும். ஓட்டுநர் வந்து அமர்ந்ததும் மருத்துவர் ஒரு துணியை எடுத்துச் சுற்றத் தொடங்கினார். ஓட்டுநரும் ஒன்றை எடுத்துக்கொண்டார். ஏழாம் நம்பர் வெளியே வந்து, கதவைச் சாத்தி, ஸ்டூலில் அமர்ந்தார். இதுவே கடைசி வாய்ப்பு. அன்று அவர் டோக்கன்களை வரிசை மாற்றிக் கொடுத்தார். ஒன்பது ஆண்டுகளில் அப்படி நடந்ததே இல்லை.

உள்ளே பேசியதைப் பின்னாளில் ஓட்டுநரே வெளிப்படையாகப் பலரிடம் சொல்லியிருப்பதால் இங்கே எழுதுவதில் தவறில்லை.

முதல் பத்து நிமிடம் இருவரும் துணியையே சுற்றினார்கள். மூன்றாவது உருளையைச் சுற்றி முடிக்கும்போது ஓட்டுநர் பெருமூச்சு விட்டார்.

"அந்த வெள்ளைக் காரை அப்படி நிறுத்தினவருக்கு லைசென்ஸ் குடுத்த ஆளைத்தான் முதல்ல பிடிக்கணும்."

மருத்துவர் இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றினார். "அது என் வண்டி."

"அப்படிங்களா." ஓட்டுநர் தம் துணியை இறுக்கிச் சுற்றினார். "தப்பா எடுத்துக்காதீங்க."

"இல்ல, சொல்லுங்க. என்ன தப்பு?"

"ஸ்டீயரிங்கை நேராக்காம இறங்கியிருக்கீங்க. சக்கரம் கோணிக்கிட்டு நிக்குது பாருங்க. ரெண்டு வண்டி இடத்தை ஒரு வண்டி பிடிச்சிருக்கு. பின்னால வரும்போது ஒரு கண்ணாடிய மட்டும் பாக்கறீங்க, அதான்."

பின்னோக்கி ஓட்டும் முறையை அவர் விளக்க, கால்மணி நேரம் ஆயிற்று. கண்ணாடியைப் பற்றிய பேச்சிலிருந்து அவருடைய பேருந்தின் உட்புறக் கண்ணாடிக்குப் பேச்சு நகர்ந்தது.

"அதுல எல்லார் முகமும் தெரியும். ஏறும்போது என்னைப் பாத்ததும் சில பேர் முகம் எப்படி மாறும்னும் தெரியும். எனக்குப் பின்னால இருக்கற சீட்டு கூட்ட நேரத்துலயும் காலியாப் போகும். பதினொரு வருஷம். பழகிடுச்சுன்னுதான் நெனச்சேன்."

மருத்துவர் திரும்பவில்லை. துணி கையில் சுழன்றுகொண்டே இருந்தது.

"அன்னைக்கு ஒரு பயணி, 'இந்த ஆள் ஓட்டினா நான் வர மாட்டேன்'னு இறங்கிப் போய், நான் குடிச்சிருக்கேன்னு எழுதிக் குடுத்துட்டார். டிப்போல மெஷின்ல ஊதச் சொன்னாங்க. சைபர் காட்டிச்சு. டைம் கீப்பர் இருபது பேர் முன்னால, 'இது மெஷினுக்கே பிடிபடாத காட்டுச் சரக்கு போல'ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. அது பரவாயில்ல." அவர் கையிலிருந்த உருளை அவிழ்ந்து தரையில் நீண்டது. "என் கண்டக்டரும் சிரிச்சான். அஞ்சு வருஷமா என்கூடச் சாப்பிடறவன். மறுநாள் சாவியத் திருப்பினா, அவன்தானே பின்னால விசில் குடுக்கணும்."

"வீட்டுல ஏன் சொல்லல?"

"சொன்னா என் தங்கச்சி டிப்போவுக்கே போய் அவனை அடிச்சிருப்பா. உயரம் பத்தாது, ஸ்டூலோட போவா."

மருத்துவர் குனிந்து, அவிழ்ந்த துணியின் மறுமுனையை எடுத்துத் தம் பக்கத்திலிருந்து சுற்றினார். கூடை காலியாகும்வரை இருவரும் பேசினார்கள். நாற்பத்தைந்து நிமிடம் என்ற விதி அன்று ஒன்றேகால் மணி நேரமாயிற்று.

சான்றிதழில் என்ன எழுதலாம் என்று மருத்துவர் கேட்டபோது ஓட்டுநர் சொன்னார்: "ஆளுக்கு ஒண்ணும் இல்ல, நடந்ததுதான் கோளாறுன்னு எழுதுங்க." மருத்துவர் அதையே அலுவலக மொழியில் எழுதினார். இவருக்கு நோய் எதுவும் இல்லை. வாகனம் ஓட்ட முழுத் தகுதி உடையவர். இவர் அடைந்தது பலர் முன்னிலையில் இழைக்கப்பட்ட அவமதிப்பு. ஆகவே விசாரிக்க வேண்டியது இவரையல்ல, அன்று அங்கிருந்தவர்களை. கையொப்பமிட்டு முத்திரை வைத்தார். முத்திரை சற்று அழுத்தமாகவே விழுந்தது.

பணிமனை மேலாளர் முதலில் முணுமுணுத்தாலும், அரசு முத்திரையுடன் வந்த தாளை ஒதுக்க முடியாமல் விசாரணை வைத்தார். இருபது பேரில் பத்தொன்பது பேருக்கு ஒன்றும் நினைவில்லை. நடத்துநர் மட்டும் ஒரு தாளில், "அவர் அப்படிச் சொன்னது உண்மை. நானும் சிரித்தேன். அது என் தவறு" என்று மூன்று வாக்கியம் எழுதிக் கையெழுத்திட்டார். நேரக் கண்காணிப்பாளருக்கு, அதாவது அந்த டைம் கீப்பருக்கு, விளக்கம் கேட்டுக் குறிப்பாணை போயிற்று. ஓட்டுநருக்குத் திங்கட்கிழமை முதல் பழைய தடமே வழங்கப்பட்டது. அதற்குள் ஏழாம் அறையின் தரையில், ஜன்னலோரமாக, நீலப் பெயிண்டில் புதிதாக எட்டுக் குறிகள் தோன்றியிருந்தன. அளவுநாடாவை ஒரு முனையில் பிடித்தவர் மருத்துவர்; மறுமுனையில் ஏழாம் நம்பர். கோப்பிலிருந்த பதினொரு வீடுகளுக்கும் ஏழாம் நம்பர் நேரில் போய்ச் சொன்னார். அந்த வாரமே நான்கு பேர் வந்தார்கள்.

திங்கட்கிழமை மாலை மொட்டைமாடியில் வரிசை வழக்கத்தைவிட நீளமாக இருந்தது. அக்கம்பக்கத்து உறவினர்கள் வரை எல்லோரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். யாரும் ஓட்டுநரின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பது அன்று பெரும் பாடாக இருந்தது.

"சாவி?" என்றார் அண்ணி கடைசியில், தலையணை உறையை மடித்தபடி.

"திரும்பிச்சு."

"கண்டக்டர்?"

"விசில் குடுத்தான். மத்தியானம் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கிட்டு வந்து நின்னான். உக்காருடான்னேன். இன்னும் முழுசாச் சரியாகல. ஆகும்."

அண்ணி அடுத்த உறையை எடுத்தார்.

"டைம் கீப்பர் என்னைக் கத்தினான்" என்றார் ஓட்டுநர்.

ஏழாம் நம்பரின் கை நின்றது. "எதுக்கு?"

"எட்டு நிமிஷம் லேட்டாம்."

"வேணும்னே சொல்றானா?"

"இல்ல, நிஜமாவே எட்டு நிமிஷம் லேட்தான். ரயில்வே கேட் போட்டுட்டான். எனக்கு முன்னால வந்தவன் பதினொரு நிமிஷம் லேட். அவனையும் கத்தினான்."

"பதினொரு நிமிஷத்துக்கு அவனை எவ்வளவு கத்தினான், எட்டு நிமிஷத்துக்கு உங்களை எவ்வளவு கத்தினான்? அதைச் சொல்லுங்க முதல்ல."

ஓட்டுநர் ரயில் பாதையைப் பார்த்தபடி நிதானமாக யோசித்தார்.

"நிமிஷத்துக்குத் தகுந்த அளவாத்தான் கத்தினான்" என்றார்.